நம் லயத்துக் கெட்டவனை யார் எழுதுவது?

கேள்வி: பொகவந்தலாவை டீச்சர்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் நடக்கும் குற்ற நாவல்களைப் படிக்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? தெற்கு என்றதும் நம் இலங்கையின் தென்கோடி மாத்தறைப் பக்கம் போய்விடாதீர்கள். நான் சொல்வது மிசிசிப்பி, அலபாமா, ஜோர்ஜியா, வர்ஜீனியா. பைன் காடு, செம்மண் தெரு, கார் திருத்தும் கொட்டகை, கடன், துப்பாக்கி. ஞாயிறு காலை தேவாலயத்தில் கண்ணீர் மல்கப் பாடியவன் அன்று பின்னேரமே மச்சானை அடித்துப் போட்டுவிட்டு வந்து கைகழுவுவான்.

வீட்டில் என்னுடைய இந்தப் படிப்புக்கு மரியாதை இல்லை. “குடிகாரனைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் எதற்கு? சம்பள நாளில் பஸ் நிலையத்தில் போய் நின்றால் காசில்லாமல் பார்க்கலாமே” என்கிறார் அண்ணன். அம்மா வாய் திறப்பதில்லை. மேசையில் கிடக்கும் புத்தகத்தை அட்டைப்படம் தெரியாதபடி கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். சக ஆசிரியை ஒருவர், “நல்ல கதைகள் எவ்வளவோ இருக்க இந்தச் சாக்கடை எதற்கு டீச்சர்?” என்று கேட்டார். அவர் பார்க்கும் தொலைக்காட்சி நாடகத்தில் மாமியார் பாலில் விஷம் கலந்துகொண்டிருக்கிறார். அதை நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு இது தொடங்கியது கொழும்பில், மருதானைப் பழைய புத்தகக் கடையில் எடுத்த ‘ஜோ’ என்ற நாவலில். 1991இல் வந்தது. எழுதிய லாரி பிரவுன், மிசிசிப்பியில் ஒக்ஸ்ஃபோர்ட் என்ற சிறு நகரத்தில் தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவர். நாவலில் துப்பறிகிறவர் யாரும் இல்லை. ஜோ என்பவனின் தொழில் மரங்களுக்கு நஞ்சு வைப்பது. கம்பனிக்கு உதவாத மரங்கள் பட்டுப்போனால்தான் அந்த இடத்தில் பைன் நட முடியும். விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஆட்களை ஏற்றுகிறான், காட்டில் இறக்குகிறான், வேலை வாங்குகிறான், கூலியை எண்ணிக் கொடுக்கிறான். குடிக்கிறான், சூதாடுகிறான். சிறைக்குப் போய் வந்தவன். சில பக்கங்களிலேயே எனக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் தாத்தா வாயால் கேட்டிருந்த, தோட்டத்தில் ஆள் பிடித்து வேலை வாங்கிய கங்காணிதான், தலைப்பாகைக்குப் பதில் தொப்பி போட்டிருக்கிறார்.

அவனிடம் கேரி என்ற பையன் வேலைக்கு வருகிறான். பையனின் தகப்பன் மகன் உழைத்த காசைப் பறித்துக் குடிக்கிறவன். அந்தத் தகப்பனுக்காகப் பரிந்து ஒரு வரி எழுதவில்லை பிரவுன். அவனை அரக்கனாக்கவும் இல்லை. வெயிலில் நாக்கு வறண்டு நடக்கிற கிழவனாகவே கடைசிவரை வைத்திருக்கிறார். நம் தேயிலைத் தோட்டங்களில் மனைவி பறித்த கொழுந்துக்குக் கணவன் போய்ச் சம்பளம் வாங்கி வரும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பழைய ஆட்களிடம் கேட்டால், அதில் என்ன தப்பு என்பார்கள். கேரியின் தகப்பனைப் படித்து முடித்த இரவு அந்த வழக்கத்தை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன்.

அடுத்தது டானியல் வுட்ரெல் எழுதிய ‘வின்டர்ஸ் போன்’, 2006. நடக்கும் இடம் மிசூரியின் ஓசார்க் மலைகள். அதைத் தெற்கில் சேர்க்க மறுக்கும் தெற்கத்தியர்களும் உண்டு, அந்தச் சண்டையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். ரீ டோலி என்ற பதினாறு வயதுப் பெண். தகப்பன் போதைமருந்து காய்ச்சுகிறவன். வீட்டையும் காட்டையும் பிணைக்கு ஈடாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காணாமற் போய்விட்டான். வழக்குக்கு அவன் வராவிட்டால் வீடு போய்விடும். மனநிலை குழம்பிய தாய், இரண்டு சின்னத் தம்பிகள். இந்தப் பெண் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கித் தகப்பனைத் தேடுகிறாள். ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள், ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவளை அடித்து நொறுக்குவது பெண்கள், அதுவும் உறவுப் பெண்கள்.

குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் போட்டால்தான் லயம் என்ற வரிசை வீட்டில் ஓர் அறை, அந்தக் காம்பரா, நமக்கு என்ற பயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளில் சிலர் அந்தப் பயத்தால்தான் கொழுந்துக் கூடையை எடுத்தார்கள்.

இனி என் கேள்வி. சி.வி. வேலுப்பிள்ளை, என்.எஸ்.எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் எல்லாரையும் மரியாதையோடு படித்தவள் நான். ஆனால் நான் படித்தவரையில் மலையகக் கதைகளில் நம் ஆள் பெரும்பாலும் அநியாயத்துக்கு ஆளாகிறவன். அநியாயம் மேலிருந்து வரும். தோட்டத்தை நடத்தும் துரை செய்வார், கணக்கப்பிள்ளை செய்வார், கடைக்காரர் செய்வார். நம் ஆள் குடித்தால் அது கவலையால். அடித்தால் அது இயலாமையால். நான் வளர்ந்த லயத்தில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சியவன் நம் ஆள். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையைக் கொழும்பில் வீட்டு வேலைக்குச் சேர்த்துவிட்டு இரண்டு பக்கமும் தரகு வாங்கியவர் நம் ஆள், அந்தப் பிள்ளைக்குச் சித்தப்பா முறை. ஓயா என்கிற ஆற்றோரத்தில் இரவோடு இரவாக மாணிக்கக் கல்லுக்குக் குழி தோண்டி, மண் சரிந்ததும் கூட்டாளியை விட்டுவிட்டு ஓடியவனும் நம் ஆள்தான். மாரியம்மன் திருவிழாவில் கரகம் தூக்கும் இடத்தில் இவர்கள் எல்லாரும் முன்வரிசையில் நிற்பார்கள்.

இவர்களுடைய தலைக்குள் போய் உட்கார்ந்து எழுதிய நாவல் ஏன் நம்மிடம் அரிது? அந்த ஊர்க்காரர்களுக்கு வந்த துணிச்சல் எங்கிருந்து வந்தது?


பதில்: ஓய்வுபெற்ற இலிகிதர், ஹட்டன்

டீச்சருக்கு வணக்கம். நான் சட்டத்தரணி ஒருவரிடம் இலிகிதராக இருந்து தலை நரைத்தவன். நீதவான் நீதிமன்ற வாசலில் என் செருப்பு தேய்ந்த அளவுக்கு வேறெங்கும் தேயவில்லை. இந்த நாவல்களை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் முதலாளி. வழக்குக் கட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்துப் படிப்பார்.

துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது என்பது என் கட்சி. எஸ்.ஏ. கொஸ்பி 2020இல் எழுதிய ‘பிளாக்டொப் வேஸ்ட்லேண்ட்’ படித்திருப்பீர்கள். கொள்ளைக்காரர்களுக்குக் கார் ஓட்டுவதில் மன்னனாக இருந்து, அதை விட்டுவிட்டு வாகனம் திருத்தும் கடை நடத்துகிறவன் கதை. அவன் மறுபடி கொள்ளைக்குப் போவதற்கு முன்னால் ஆசிரியர் என்ன செய்கிறார்? பட்டியல் போடுகிறார். புதிதாக முளைத்த போட்டிக் கடையால் வருமானம் படுத்துவிட்டது. தாய் இருக்கும் பராமரிப்பு இல்லம் பாக்கி கேட்கிறது. மகளின் மேற்படிப்பு நிற்கிறது. இவ்வளவையும் கூட்டி அடிக்கோடு இழுத்த பிறகுதான் துப்பாக்கி வெளியே வருகிறது. நான் முப்பது ரூபா, ஐம்பது ரூபா அபராத வழக்குகள் இருந்த காலத்திலிருந்தே பார்க்கிறேன், குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவனுக்குப் பின்னால் அநேகமாக ஒரு கடன் கொப்பி இருக்கும். ஆனால் கவனியுங்கள், கொஸ்பி அதோடு நிறுத்துவதில்லை. அந்த மனிதனுக்கு வேகத்தில் ருசி உண்டு. பணத்துக்காகத்தான் போனேன் என்று அவன் சொல்வதில் பாதி பொய். கூண்டில் நின்று பேசுகிறவர்களிடம் அந்தப் பாதியைத்தான் நாங்கள் ஒருபோதும் கேட்டுப் பெற்றதில்லை.

அந்த நாட்டின் தெற்கில் இந்தக் கடனுக்குப் பழைய வேர் இருக்கிறது. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. நிலம் பழைய முதலாளிகளிடமே நின்றது. விடுதலையானவர்கள் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதை, மா, துணி எல்லாம் கடனுக்கு. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் உழைத்தவன் பெயரிலேயே பாக்கி நிற்கும். வேலையில்லாமல் திரிந்தான் என்பது போன்ற அற்பக் குற்றத்துக்குப் பிடித்து, தண்டனை பெற்றவர்களைக் கம்பனிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். அலபாமாவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அப்படி ஆள் அனுப்பியது 1928 வரை நடந்தது. சட்டமே அப்படி இருந்த இடத்தில், பொலிஸ்காரர் நல்லவர், திருடன் கெட்டவன் என்று கதை எழுதினால் எந்த வாசகன் நம்புவான்?

இங்கே துண்டு முறை இருந்தது. தொழிலாளியின் கடனைத் துண்டில் எழுதிக் கங்காணி கையில் வைத்திருப்பார். அதை அடைக்க இன்னொருவர் முன்வந்தால்தான் அடுத்த தோட்டத்துக்கு நகர முடியும். 1921இல் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள். துண்டு போய்விட்டது, கடன் இன்று வாராந்தத் தவணைக்காரர் உருவில் முச்சக்கர வண்டியில் வந்து இறங்குகிறது.

நீங்கள் கேட்ட மாதிரியான ஆள் ஒருவனைச் சொல்கிறேன். இடம், காலம் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

கசிப்பு வழக்குகளுக்குத் தவறாமல் வருவான். பெரல் பிடிபட்ட இடம் எதுவாக இருந்தாலும் குற்றவாளி அவன்தான். காய்ச்சுகிறவர் வேறு, விற்கிறவர் வேறு. இவன் வேலை கூண்டில் ஏறி, “குற்றவாளி” என்று ஒப்புக்கொள்வது. அபராதத்தைக் காய்ச்சியவர் கட்டுவார், இவனுக்கு நாட்கூலி. ஒருநாள் படிக்கட்டில் வைத்து, “இன்றைக்கு மலையில் பேர் போடவில்லையா?” என்று கேட்டேன். “இங்கேதான் பேர் ஐயா” என்றான், சிரிக்காமல்.

ஒரு தடவை புதிதாக வந்த நீதவான் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அபராதத்துக்குப் பதில் சிறை என்று சொல்லிவிட்டார். அந்த வாரக் கடைசியில் அவன் மகளுக்குச் சடங்கு. அழைப்பிதழ்கூடக் கொடுத்து முடிந்திருந்தது. அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காய்ச்சியவர் போய்ப் பந்தல் போட்டு, தாய்மாமன் முறைக்குச் சீர்வரிசை எடுத்து, ஆட்டிறைச்சிச் சாப்பாட்டோடு சடங்கை நடத்திக் கொடுத்தார். தகப்பன் இல்லாத குறை தெரியவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். தகப்பன் ஐந்தாறு மைலுக்கு அப்பால் கம்பிக்குள் இருந்தான்.

சினிமா என்றால் அவன் திருந்தி வெளியே வந்திருப்பான். வெளியே வந்தவன் தானே காய்ச்சத் தொடங்கினான். பிறகு பிடிபட்டபோது கூண்டில் ஏற ஒரு ஊமைப் பையனைக் கூட்டிவந்தான். கையைத் தூக்கி ஒப்புக்கொள்ளும்படி பழக்கியிருந்தான். என் கட்சிக்காரன் என்பதால் நான் ஒன்றும் பேச முடியாது. அவன் எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தான், நானும் வாங்கிப் போட்டேன்.

இன்னொன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். அவருக்கு நினைவுக் கூட்டம் உண்டு, கவிதை உண்டு. மறு ஆண்டு ஸ்டெலன்பர்க் தோட்டத்தில் துரை கொலையுண்டார், இரண்டு தொழிலாளர் தூக்கில் தொங்கினார்கள். இந்த இரண்டாவது விடயத்தைப் பேசும்போது நம்மவர் குரல் தாழும், அல்லது ஒரேயடியாக உயரும். அந்த இருவரைத் தியாகியாக்கவும் வேண்டாம், கொலைகாரன் என்று மூடவும் வேண்டாம். கொலைக்கு முதல்நாள் இராத்திரி அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுத ஆள் வேண்டும்.


பதில்: நூலக மேசை, பதுளை

டீச்சர் அக்காவின் கேள்வியில் எனக்கு உடன்பாடு இல்லை. கோபம்தான் வந்தது, தணிந்த பிறகு எழுதுகிறேன்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம் சனத்தில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். கடைசி முடிச்சு அவிழ 2003 வரை ஆனது. சி.வி.யும் இராமையாவும் எழுதியது இதற்கு நடுவில். களவாகத் தோணியில் வந்தவன் என்ற பொருளில் கள்ளத்தோணி என்று தெருவில் கூப்பிட்ட காலத்தில், நம் எழுத்தாளர் நம் ஆளைத் திருடனாக, பெண்பிள்ளை தரகனாக எழுதியிருந்தால் அதை யார் கையில் எடுத்திருப்பார்கள்? இவர்கள் இப்படித்தான் என்று சொல்லக் காத்திருந்தவர்கள்தான். முதலில் மனிதன் என்று நிறுவ வேண்டியிருந்தது அக்கா. கெட்ட மனிதன் என்று எழுதுவது அதற்கு அடுத்த படி.

தெற்கின் பெரிய பெயர்களைப் பாருங்கள். ஃபோக்னரின் ‘சேங்ச்சுவரி’ நாவல் 1931இல் வந்தது, காசுக்காக எழுதினேன் என்று அவரே பிறகு வந்த பதிப்பின் முன்னுரையில் போட்டார். அவர் பேர்பெற்ற வெள்ளையர் வீட்டுப் பிள்ளை. தன் ஆட்களைக் கேவலமாக எழுத அவருக்கு இடம் இருந்தது, யாரும் அவர் வாக்குரிமையைப் பறிக்கப் போவதில்லை. கொஸ்பியும் அத்திக்கா லொக்கும் கறுப்பு மனிதர்களின் குறைகளோடு இந்தத் தெற்கை எழுதிப் பெயரெடுத்தது இந்த நூற்றாண்டில்தான். கிழக்கு டெக்ஸாஸில் நடக்கும் லொக்கின் ‘புளூபேர்ட், புளூபேர்ட்’ வந்தது 2017இல். அந்த எண்பது வருட இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் நம்மவரைக் குறை சொல்லாதீர்கள்.

நம்மிடம் இல்லவே இல்லை என்பதும் சரியல்ல. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ கதையை மறுபடி படியுங்கள். ஒரே காம்பராவில் குடும்பம் முழுவதும் படுத்துறங்கும் நெருக்கடி ஒரு தகப்பனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். அவர் அதை எழுதிவிட்டுப் பந்தல் போட்டுத் தீர்ப்பும் சொல்லவில்லை.

இந்தத் தெற்கு நாவல்களில் எனக்கு இன்னொரு சலிப்பும் உண்டு. முதல் அத்தியாயத்தில் ஒரு பெண் பிணம் வேண்டும். பிறகு முந்நூறு பக்கத்துக்கு ஓர் ஆண் தன் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டுவான், குடிப்பான், மழையைப் பார்ப்பான். செத்தவளுக்கு என்ன பிடிக்கும் என்றுகூட நமக்குத் தெரியாது. நல்லவர்கள் அப்படி எழுதுவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். அலமாரியில் நிறைந்திருப்பது நல்லவர்கள் இல்லையே.

ஐயா சொன்ன ஊமைப் பையன் கதை இரவெல்லாம் தொந்தரவு செய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.


பதில்: மஸ்கெலியா தையல்காரர்

பெரிய விடயங்களைப் பெரியவர்கள் பேசுங்கள். நான் மெஷினுக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்து ஆங்கிலக் கதைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறவன். கால் மிதிக்க மிதிக்கக் கதை ஓடும். ஜேம்ஸ் லீ பேர்க் எழுதும் ரொபிஷோ வரிசை பிடிக்கும். லூசியானாப் பொலிஸ்காரர், குடியை விட்டவர், மறுபடி குடித்துவிடுவாரோ என்று எனக்குக் கொலைகாரன் யார் என்பதைவிடப் பெரிய பதற்றம். என் தகப்பனார் குடியை விட்டவர். விட்ட பிறகும் ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்று தவறணை என்ற சாராயக் கடைப் பக்கம் பார்ப்பார். நாங்கள் எல்லாரும் வேறு வேலை இருப்பதுபோல் பாவனை செய்வோம். அந்தப் பொலிஸ்காரரின் வீட்டிலும் அதே பாவனை நடக்கிறது.

டீச்சர், புதிதாக ஒருவருக்கு முதலில் எதைக் கொடுப்பீர்கள்? என் தம்பிக்குக் கேட்கிறேன். இரத்தம் அதிகம் வேண்டாம், பயந்த சுபாவம்.


பதில்: பொகவந்தலாவை டீச்சர்

தம்பிக்கு முதலில் டொம் ஃபிராங்க்ளின் எழுதிய ‘குரூக்கெட் லெட்டர், குரூக்கெட் லெட்டர்’, 2010. மிசிசிப்பியில் லாரி ஓட் என்ற தனிக்கட்டை. பள்ளி வயதில் அவனோடு வெளியே போன பெண் திரும்பி வரவில்லை. வழக்கு இல்லை, சாட்சி இல்லை, ஆனால் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. தகப்பன் விட்டுப்போன வாகனம் திருத்தும் கடையை ஒவ்வொரு நாளும் திறந்து வைக்கிறான், ஊர்க்காரர் யாரும் வண்டி கொண்டுவருவதில்லை. அவனுடைய சின்ன வயதுத் தோழன், கறுப்பினத்தவன், இப்போது அதே ஊரில் காவல் அதிகாரி, அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏன் பார்ப்பதில்லை என்பதுதான் நாவல். இரத்தம் கொஞ்சம் உண்டு, தம்பி தாங்குவார். ‘சேங்ச்சுவரி’யைக் கொடுத்துவிடாதீர்கள், ஆள் வாசிப்பையே விட்டுவிடுவார்.

பதுளைத் தம்பிக்கு: வரலாற்றை நீங்கள் சொன்ன விதத்தில் மறுக்க ஒன்றும் இல்லை. ‘மீன்கள்’ கதையையும் ஒப்புக்கொள்கிறேன். அது சிறுகதை, நான் நாவல் கேட்கிறேன் என்று வாதாடலாம், வேண்டாம். ஆனால் வெளியாள் படித்துவிடுவானே என்ற பயம் எவ்வளவு காலத்துக்கு நம் எழுத்துக்குக் காவல் நிற்க வேண்டும்? நீங்களே சொன்ன கொஸ்பியின் அடுத்த நாவலை எடுங்கள், ‘ரேசர்பிளேட் டியர்ஸ்’, 2021. இரண்டு தகப்பன்மார், ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், இருவரும் சிறையில் இருந்து வந்தவர்கள். அவர்களுடைய பையன்கள் இருவரும் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்த வெட்கத்தில் தகப்பன்மார் மகன்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பையன்கள் கொல்லப்படுகிறார்கள். பிறகுதான் இந்தக் கிழவர்களுக்கு இரத்தம் கொதிக்கிறது. எத்தனை பேரைப் பழிவாங்கினாலும், உயிரோடு இருந்தபோது அந்தப் பையனோடு நீ ஏன் ஒரு வாய் பேசவில்லை என்ற கேள்வி பின்னாலேயே வருகிறது. ஒரு கறுப்பு எழுத்தாளர், வெள்ளை வாசகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கறுப்புத் தகப்பனின் நெஞ்சில் இருக்கும் அழுக்கை எடுத்து மேசையில் வைக்கிறார். இனவாதத்தையும் விடவில்லை, அது பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. இரண்டையும் ஒரே கையால் எழுதுகிறார்.

நம் லயத்தில், சாதி குறைந்த வீட்டுப் பையனோடு போன மகளுக்குத் தலைமுழுகிய தகப்பன்மார் இல்லையா? கூலி உயர்வுக்கு முன்னால் நின்று கோஷம் போட்டவரும் அவரேதான். கோஷத்தை எழுதியாகிவிட்டது. தலைமுழுகிய இரவு இன்னும் பாக்கி.

பெண் பிணம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நான் அப்படித் தொடங்கும் புத்தகங்களைப் பாதியில் மூடிவிடுகிறேன். அதனால்தான் ரீ டோலியை அவ்வளவு பிடிக்கிறது, அவள் பிணத்தைத் தேடிப் போகிறவள்.

இலிகிதர் ஐயாவுக்கு: அந்தக் கூண்டு ஆளை நீங்களே எழுதுங்கள். சடங்கு வீட்டுப் பந்தியிலிருந்து தொடங்குங்கள்.


பதில்: ஓய்வுபெற்ற இலிகிதர், ஹட்டன்

எழுத மாட்டேன் டீச்சர். காரணம் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. அவன் இன்னும் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் சந்தையில் எதிர்ப்படுவான், பேரப்பிள்ளையைத் தோளில் வைத்திருப்பான். அந்தச் சடங்குப் பெண் இன்று உங்களைப் போல ஓர் ஆசிரியை. எவ்வளவு மாற்றி எழுதினாலும் இந்த மலையில் மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குள் நம் நாடு முழுவதையும் போட்டு மூடலாம். இங்கே ஒரு பஸ்ஸில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். நம் குற்ற நாவல் ஏன் எழுதப்படவில்லை என்பதற்குப் பதுளைத் தம்பி சொன்ன வரலாற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


பதில்: பொகவந்தலாவை டீச்சர்

ஃபோக்னர் இருந்ததும் சின்ன ஊர்தான் ஐயா. லாரி பிரவுனின் அதே ஒக்ஸ்ஃபோர்ட். அவர் யொக்னபடாஃபா என்று ஒரு மாவட்டத்தையே கற்பனையில் உண்டாக்கி, தன் ஊர்க்காரர்கள் எல்லாரையும் அங்கே குடியேற்றிவிட்டார். உங்களுக்கு மாவட்டம் வேண்டாம், ஒரு தோட்டம் போதும். வரைபடத்தில் இல்லாத ஓர் ஓயா, தோட்டப் பிரிவுகளாக ஒரு மேல்கணக்கு, ஒரு கீழ்க்கணக்கு. சடங்குப் பெண்ணை நடுவில் வைக்காதீர்கள், ஊமைப் பையனை வையுங்கள். அவன் தலைக்குள் என்ன ஓடியது என்று உங்களுக்கும் தெரியாது, அதனால் யாருடைய இரகசியத்தையும் விற்றதாக ஆகாது.


பதில்: ஓய்வுபெற்ற இலிகிதர், ஹட்டன்

அந்தப் பையனைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒப்புக்கொள்ளும்போது இடது கையைத் தூக்கினான், அதை நீதவான் திருத்தினார். பார்க்கலாம். வாக்குக் கொடுக்கவில்லை.


பதில்: மஸ்கெலியா தையல்காரர்

டீச்சர், அந்த லாரி ஓட் புத்தகம் தாளில் இருந்தால் நோர்வூட் வரைக்கும் யார் கையிலாவது கொடுத்து அனுப்ப முடியுமா? தம்பி கைத்தொலைபேசியில் படிக்க மாட்டான், படம் பார்க்கப் போய்விடுவான். திருப்பித் தரும்போது அட்டை போட்டுத் தைத்துத் தருகிறேன்.


பதில்: பொகவந்தலாவை டீச்சர்

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வரும். அட்டைத் துணியை நல்ல கனமான நிறத்தில் போடுங்கள், அம்மா இனிமேல் கவிழ்த்து வைக்க வேண்டியிருக்காது.